சின்ன டிராக்டர், பெரிய எண்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறிய டிராக்டர் பற்றியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அரை ஏக்கர் இடம். புல் வெட்டுவதுதான் முக்கிய வேலை. 20 எச்.பி. டிராக்டர் போதுமா, 25 எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: மூன்று ஏக்கர். கொஞ்சம் உழவு, கொஞ்சம் புதர், மண் அள்ளும் வேலையும் உண்டு. ஒரு வண்டி 25 எச்.பி., இன்னொன்று 27 எச்.பி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எச்.பி. கூட இருப்பதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக என் மனதை அரிக்கும் விஷயம் இது.

பானட்டில் ஒட்டியிருக்கும் எச்.பி. என்ஜினுடையது. மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரையும் புதர் வெட்டும் ஸ்லாஷரையும் சுற்றவைப்பது வண்டியின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. என்ற சுழலும் தண்டு. கியர், பம்ப் எல்லாவற்றையும் தாண்டி அங்கே வந்து சேரும் சக்தி எப்போதும் குறைவுதான். கியர் வண்டியில் கொஞ்சம் குறையும், கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில் இன்னும் கூடக் குறையும். உங்கள் 27 ஹைட்ரோஸ்டேட்டிக்காகவும் 25 கியர் வண்டியாகவும் இருந்தால், பி.டி.ஓ.வில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்தது எடை. என் முதல் டிராக்டரை எச்.பி. மட்டும் பார்த்து வாங்கினேன். பக்கத்தில் நின்ற வண்டியைவிட மூன்று எச்.பி. கூட, ஆனால் எடை நன்றாகவே குறைவு. கலப்பையை இறக்கியதும் என்ஜின் உறுமியது, பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. டயர் கட்டைகள் மண்ணை அரைத்து அரைத்து, மாடு குடிக்கும் தொட்டி மாதிரி இரண்டு பள்ளம் பறித்துவிட்டன. சக்தி இருந்தது, அதைத் தரையில் ஊன்ற எடை இல்லை. சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டி, டயரில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் அந்த வண்டி உழுதது. அந்தச் செலவு தனி.

அப்புறம் தூக்கும் திறன். "பின் லிஃப்ட் 700 கிலோ தூக்கும்" என்று காகிதத்தில் போட்டிருந்தால், எந்த இடத்தில் அளந்தது என்று கேளுங்கள். கருவியைப் பிடிக்கும் கீழ்க் கைகளின் நுனியில் அளந்த எண் ஒன்று, அங்கிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்த எண் இன்னொன்று. இரண்டாவது கணிசமாகக் குறையும். மாட்டுகிற கருவியின் பாரம் பின்னால் தள்ளித்தானே இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது அந்த எண். மண் அள்ளும் முன்பக்க லோடருக்கும் இதே கதைதான். பெரிய எண்ணை பக்கெட் மாட்டும் ஆணி இருக்கும் இடத்தில் அளந்திருப்பார்கள். மண் இருப்பதோ அதற்கும் முன்னால், பக்கெட்டுக்குள். பெரும்பாலும் பக்கெட்டின் எடையையும் அதிலிருந்து கழிக்க வேண்டியிருக்கும். பின்னால் எதிர் பாரம் மாட்டாமல் ஈரமண்ணை அள்ளி உயர்த்தினால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். லோடரோடு வண்டி விற்பவர் எதிர் பாரத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்றால் அது குற்றம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த எண் விளையாட்டு புதிதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோஸியர் என்று ஒரு விவசாயி. புகழ்பெற்ற கார் கம்பெனியின் பெயரைத் தாங்கிய, ஆனால் அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டிராக்டரை வாங்கி நொந்துபோனார். அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தது நம் எல்லோருடைய அதிர்ஷ்டம். 1919இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: சொன்ன சக்தி இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் எந்த மாடல் டிராக்டரையும் அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது. 1920இல் சோதனை தொடங்கியது. அந்தச் சோதனைக்கூடம் இன்றும் நடக்கிறது. ஏமாந்த ஒருவர் சும்மா இருக்காததால் கிடைத்தது அது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு ஏதாவது ஒரு சோதனைக்கூடத்தின் அறிக்கை உண்டா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பி.டி.ஓ. சக்தி, வண்டி எடை, 610 மில்லிமீட்டரில் தூக்கும் திறன் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். 25ஆ 27ஆ என்பது அதற்குப் பிறகு தானாகவே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன். மீட்டரில் 600 மணி நேரம். இரண்டே மாதத்தில் கிளட்ச் போனது, லிஃப்ட் நிற்கவில்லை. மீட்டரை மாற்றியிருக்கிறார்கள் என்கிறார் மெக்கானிக். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

உங்களைத் திட்டுவது நியாயமில்லை. பொய் சொன்னவர் விற்றவர். மீட்டரில் இருப்பதை நம்பி வாங்குவது முட்டாள்தனம் ஆகாது.

முதலில் வண்டியைப் பிரிப்பதை நிறுத்துங்கள். மெக்கானிக் பார்த்ததை அவர் கையாலேயே தேதியோடு எழுதி வாங்குங்கள். கழற்றிய கிளட்ச் பிளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விளம்பரம், குறுஞ்செய்தி, ரசீது எதையும் அழிக்க வேண்டாம். "600 மணி நேரம் என்று சொல்லி விற்றீர்கள், இதுதான் நிலைமை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் அல்லது பழுதுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கெடு தேதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள். விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவர் என்றால் நுகர்வோர் புகாருக்கு உங்கள் பக்கம் வலு அதிகம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. புதுப் பெயின்ட் பளபளத்த ஒரு வண்டியை மதிய வெயிலில் பார்த்து மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கிரீஸ் அடிக்கப் போனபோதுதான் கவனித்தேன்: கிரீஸ் நிப்பிள் மேலேயே பெயின்ட், ஹைட்ராலிக் ஹோஸ் மேலேயும் பெயின்ட். ரப்பரில் இருந்த வெடிப்பை மூடவே அடித்திருக்கிறார்கள்.

மற்றவர்களுக்காக: நீங்கள் போய்ச் சேரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால்தான் ஸ்டார்ட் ஆவதைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பிரேக் பெடலின் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். கனமான கருவியை லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, பேச்சுக் கொடுத்தபடி கால் மணி நேரம் நில்லுங்கள். அதற்குள் கருவி தரையைத் தொட்டுவிட்டால் உள்ளே கசிவு.

கேள்வி: பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது. புதிது விலை அதிகம். கழற்றிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. உங்கள் சட்டைக் கையின் ஒரு நூல் மாட்டினால், ஐயோ என்று சொல்லி முடிப்பதற்குள் கை போயிருக்கும். உறை வரும்வரை வண்டியை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: 22 எச்.பி. வண்டிக்குத் தள்ளுபடியில் 6 அடி ரோட்டாவேட்டர் ஆர்டர் செய்தேன். மண்ணில் இறக்கினால் என்ஜின் கரும்புகை விட்டு நின்றுவிடுகிறது. கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமா?

எத்தனை எச்.பி. வேண்டும் என்று அந்த விளம்பரத்திலேயே போட்டிருக்குமே, படித்தீர்களா? வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்தீர்களா? தள்ளுபடி முடியப்போகிறது என்று அவசரப்பட்டு வாங்கிவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்லும் கடிதம் மாதாமாதம் வருகிறது. "22 எச்.பி.க்குத் தாராளமாக ஓடும்" என்று விற்றவர் எழுத்தில் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு, விடாதீர்கள். இல்லையென்றால் மண் இல்லாமல் துடைத்து, உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள். அடுத்தது வாங்கும்போது பின்டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள். அந்தத் தடத்தை மூடும் அகலம் போதும். அதற்கு உங்கள் பி.டி.ஓ. சக்தி தாங்குமா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: கியரா, ஹைட்ரோஸ்டேட்டிக்கா?

லோடர் வேலை, மரங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் போகிற வேலை அதிகம் என்றால் ஹைட்ரோஸ்டேட்டிக். கால் பெடலிலேயே எல்லாம் முடிந்துவிடும். நாள் முழுக்க நேர்க்கோட்டில் உழவு என்றால் கியர்.

கேள்வி: எங்கள் இடம் சரிவு. நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாமா? மரக்கிளை இடிக்கிறது என்று ரோல் பாரை (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம்) மடக்கியே வைத்திருப்பதில் தவறுண்டா?

கொடுங்கள். ஏறுவதற்கு மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இறங்கும்போதுதான் அது உயிரைக் காக்கும். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் பொதுவாக பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். லோடரில் பாரத்தோடு இறங்கும்போது பின்பக்கம் இலேசாகி, பிடிக்க வேண்டிய சக்கரம் வழுக்கும். நான்கு சக்கர இயக்கம் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஆனால் கெட்டியான தார்த்தரையில் அதை எடுத்துவிடுங்கள், டயரும் கியரும் வீணாகும்.

ரோல் பார் விஷயத்தில் பதில் கண்டிப்பானது. மரத்தடியில் மடக்கினால், அந்த இடம் தாண்டியதும் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தியதும் சீட் பெல்ட் போட வேண்டும். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது, வண்டி கவிழ்ந்தால் அதோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். சுவீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். உங்கள் இடம் சரிவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளையை வெட்டுங்கள்.

கேள்வி: ஸ்லாஷரின் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது. கெட்டியான போல்ட் போடலாமா?

போடாதீர்கள். அது உடைவதற்காகவே வைத்த போல்ட். கெட்டியாகப் போட்டால் அடுத்த கல்லில் கியர்பாக்ஸ் உடையும். கையேட்டில் சொன்ன கிரேடிலேயே பத்து வாங்கி, ஸ்பானரோடு சேர்த்து டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள். வாரத்துக்கு ஒன்று உடைகிறது என்றால் முதலில் வயலில் நடந்து கல்லைப் பொறுக்குங்கள்.