பில்லில் "டைமண்ட் ரிங் 1" என்று மட்டும் இருந்தால்

கேள்வி: வக்கீல் சார், நாங்கள் மன்னார்குடி பக்கம். குறுவை நெல் போட்ட பணத்தில், மகள் நிச்சயதார்த்தத்துக்காக மாப்பிள்ளைக்குக் கும்பகோணத்தில் ஒரு கடையில் 1,15,000 ரூபாய்க்கு வைர மோதிரம் எடுத்தோம். 30 சென்ட் ஒற்றைக் கல், இஎஃப் விவிஎஸ் என்று சொல்லி, அதையே எழுதிய கடை அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். பில்லில் "டைமண்ட் ரிங் 1" என்றுதான் இருக்கிறது. 14 மாதம் கழித்து விரல் அளவு மாற்ற வேறு கடைக்குப் போனால், கல்லை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, இது பூமியில் எடுத்தது இல்லை, லேப்பில் செயற்கையாக வளர்த்த கல் என்கிறார்கள். வாங்கிய கடையில் கேட்டால் "ஹால்மார்க் இருக்கிறதே, கல்லுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லுக்குப் பின்னால் படியுங்கள்" என்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மோதிரத்தை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். வாங்கிய கடையில் "கொடுங்கள், நாங்களே செக் பண்ணித் தருகிறோம்" என்பார்கள், கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படி இரண்டு நாள் கடையில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தது அதே கல்தானா என்பதை அப்புறம் எங்களால் நிரூபிக்கவே முடியவில்லை. விரல் அளவையும் இப்போது மாற்ற வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், எடை போட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கடைக்காரர் சொல்லும் ஹால்மார்க் உங்கள் பிரச்சினைக்குப் பதிலே இல்லை. மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 750 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (அந்த நகைக்கென்றே உள்ள அடையாளக் குறி) இருக்கும். 750 என்றால் 18 காரட் தங்கம், அவ்வளவுதான். கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தையும் சொல்லாது. தங்கத்துக்குச் சொல்லும் காரட் தரத்தைக் குறிக்கும், வைரத்துக்குச் சொல்லும் கேரட் எடையைக் குறிக்கும் (ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுவதால் நம் ஜனங்கள் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

அட்டையில் எழுதியிருப்பது இதுதான். இஎஃப் என்பது நிறம். டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை போகும், டி, இ, எஃப் மூன்றும் நிறமே இல்லாத கற்கள். விவிஎஸ் என்பது சுத்தம், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தாலும் கண்டுபிடிக்கக் கஷ்டமான அளவுக்குத்தான் உள்ளே குறை இருக்கிறது என்று அர்த்தம். நம் பெரியவர்கள் காகபாதம், கரும்புள்ளி என்று பார்த்ததும் இதைத்தான். கல் எப்படி மின்னும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் பட்டை தீட்டலைப் பற்றி உங்கள் அட்டையில் எதுவுமே இல்லை. இயற்கை வைரம் என்றும் இல்லை. லேப்பில் வளர்த்த கல்லும் இஎஃப் விவிஎஸ் ஆக இருக்கலாம், ஏனென்றால் அதுவும் வைரம்தான், கண்ணாடிக் கல் இல்லை. விலைதான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கடைக்காரரின் வக்கீல் முதலில் பிடிக்கப்போவது இதைத்தான்: "நாங்கள் இயற்கை என்று சொல்லவே இல்லையே" என்பார். நீங்கள் கொடுத்தது இயற்கை வைரத்தின் விலை, வெறுமனே வைரம் என்று சொன்னால் வாங்குபவர் புரிந்துகொள்வது பூமியில் கிடைத்த கல்லைத்தான், லேப் கல் என்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது நம் பதில். வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் விலையும் படமும் அனுப்பினார்களா, பாருங்கள். இருந்தால் அழிக்காமல் அந்த போனிலேயே வையுங்கள்.

அடுத்த கடைக்காரர் சொன்னதை மட்டும் வைத்து வழக்குக்குப் போகாதீர்கள். சாதாரண டெஸ்டரால் லேப் கல்லைப் பிரிக்கவே முடியாது. அதற்கென்று இருக்கும் மெஷினும் சந்தேகக் கல் என்றுதான் காட்டும், சில இயற்கைக் கற்களையும் அப்படிக் காட்டும். சென்னையில் வைரத்தைச் சோதித்துச் சான்று தரும் ஐஜிஐ போன்ற ஆய்வுக்கூடத்தில் மோதிரத்தோடு கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இயற்கையா லேப்பா என்பதைக் கல்லைக் கழற்றாமலே சொல்லிவிட முடியும். நிறம், சுத்தம் இரண்டையும் கட்டிய கல்லில் தோராயமாகத்தான் சொல்வார்கள், துல்லியமாகத் தெரியக் கழற்ற வேண்டும். நீங்களாகக் கழற்ற வேண்டாம், அது நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவோடு நடக்கட்டும். அறிக்கை இயற்கைக் கல், தரம் ஒரு படி குறைவு என்று வந்தால் வழக்கு பலவீனம், ஏனென்றால் இரண்டு ஆய்வுக்கூடங்களே ஒரு படி மாறிச் சொல்வதுண்டு. லேப் கல் என்று வந்தால் அதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைக்கு ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. சட்டப்படி நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள், அவர்கள் எழுதும் பதில் பல நேரம் நமக்கே சாட்சி. பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார். கடை கும்பகோணத்தில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 34-வது பிரிவு சொல்கிறது, அதனால் திருவாரூர் மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். புகார் கொடுக்க உள்ள இரண்டு வருடக் கெடுவை பில் தேதியிலிருந்தே எண்ணுங்கள், இப்போதுதான் தெரிந்தது என்ற வாதத்தை நம்பி உட்கார வேண்டாம். உங்களுக்குப் பத்து மாதம் பாக்கி.

புகாரோடு, 38-வது பிரிவின் கீழ் கல்லை முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்பும்படி தனியாக ஒரு மனு போடுங்கள். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், ஜெயித்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். பில்லுக்குப் பின்னால் அச்சடித்த வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். "பிடிக்கவில்லை, மாற்றிக்கொடு" என்று போனால் அது செல்லும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் செல்லாது, அது நேர்மையற்ற வணிக நடைமுறை. போலீஸில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம், ஆனால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கடைக்காரரே மொத்த வியாபாரியிடம் ஏமாந்திருக்கலாம். அவசரப்பட வேண்டாம்.

சம்பந்தி வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா. மோதிரம் மாப்பிள்ளையுடையதுதானே, ஆய்வுக்குக் கொடுக்க எப்படியும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏமாந்தது நீங்கள், தப்பு செய்தது நீங்கள் இல்லை. நிச்சயத்தன்று மோதிரம் போட்ட போட்டோவும், அட்டையின் இரண்டு பக்க நகலும், பணம் கட்டிய கார்டு ரசீதும் எடுத்து வையுங்கள். இந்த வாரமே ஆய்வுக்கூடத்தில் நேரம் கேளுங்கள்.