கிழிசல் மேல் பூத்தையல்: கேள்வி பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: தைக்கப்போகும் உடுப்பையும் அடியில் வைக்கும் ஒட்டுத்துணியையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். பழைய சட்டை சுருங்கவேண்டிய அளவு சுருங்கி முடித்திருக்கும். புதுக் காட்டன் இனிமேல்தான் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முதல் அலசலிலேயே பூவைச் சுற்றி அப்பளம் மாதிரி எழும்பி நிற்கும்.

ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்துவிட்டது. அதன் மேல் சூரியகாந்தி போடலாமா அக்கா?

போடலாம், ஆனால் ஓட்டையை மட்டும் பார்த்து அளவெடுக்காதீர்கள். அதைச் சுற்றியிருக்கும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்காவது நைந்துபோயிருக்கும். அந்த நைந்த ஓரத்தில் பூவின் இதழைத் தைத்தால் மாதம் ஒன்று ஆவதற்குள் பூ அப்படியே இருக்க, துணி பூவைச் சுற்றிக் கிழியும். ஒட்டுத்துணி கெட்டித் துணி வரைக்கும் போய்ச் சேரவேண்டும்.

ஜீன்ஸில் ஒரு வசதி உண்டு. பாவு (நெடுக்கு இழை) நீலம், ஊடை (குறுக்கு இழை) வெள்ளை. முழங்கால் தேயும்போது பெரும்பாலும் நீல இழைகள் முதலில் அறும்; வெள்ளை இழைகள் மட்டும் குறுக்கே வரிவரியாக நிற்கும். பிசிறு என்று நினைத்து அவற்றை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள்! பாதி வேலை அங்கே முடிந்திருக்கிறது. உள்பக்கம் ஒட்டுத்துணியை வைத்து நூலோட்டம் (பிறகு பிரித்துவிடும் தளர்வான தையல்) போட்டு நிறுத்துங்கள். நீல நூலைக் கோத்து வெள்ளை இழைகளுக்கு மேலும் கீழுமாக மாறிமாறி மேலிருந்து கீழே ஓட்டுங்கள். திரும்பும் இடத்தில் நூலை இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வு விடவேண்டும். அப்புறம் அதன் மேல் சூரியகாந்தி, தாமரை, எது வேண்டுமானாலும் போடுங்கள்.

தொடை உரசிக் கிழிந்த இடத்திலும் பூ போடலாமா?

வேண்டாம். அங்கே எழும்பி நிற்கும் தையல் எல்லாம் சீக்கிரம் தேயும், தோலையும் உரசும். மெல்லிய ஒட்டுத்துணி, அதே நிற நூல், நெருக்கமான ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக நேராக ஓடும் தையல்). அவ்வளவுதான்.

எத்தனை இழை நூல்? எந்த ஊசி?

ஆங்கர் என்ற பெயரில் கிடைக்கும் பூத்தையல் நூற்கண்டில் ஆறு இழை சேர்ந்திருக்கும். காட்டன் சட்டைக்கு இரண்டு, ஜீன்ஸுக்கு மூன்று அல்லது நான்கு. துணியில் நூலைச் சிரமப்பட்டு இழுக்கவேண்டியிருந்தால் ஊசி சிறிசு. நூல் போன பிறகும் துளை தெரிந்தால் ஊசி பெரிசு. நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நறுக்கினால் போதும். அதற்கு மேல் நீளம் வைத்தால் சிக்கும், பாதியிலேயே பஞ்சாகும்.

சட்டையில் கறை. பூ போட்டு மறைக்கலாமா? (பல பேர் கேட்டது)

மஞ்சள், சாம்பார், பேனா மை என்றால் தாராளமாக. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. துருக்கறையும் பிளீச் பட்ட இடமும் வேறு: அங்கே துணியே பலம் இழந்திருக்கலாம். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். இழை பிரிந்தால் அடியில் துணி வைக்காமல் ஊசி குத்தாதீர்கள்.

சிவப்பு நூல் சாயம் இறங்குமா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

சாயம் ஏற்றும் இடத்தில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அந்த நூல் வெள்ளைச் சட்டைக்கு வேண்டாம்.

அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பில் விரிசல் விடுகிறது. அதன் மேல் ஆரி வேலை செய்து காப்பாற்ற முடியுமா?

முடியாது. ஆரி என்பது கொக்கி ஊசியால் போடும் பூவேலை; அதற்குத் துணியைக் கட்டில் மாதிரியான சட்டத்தில் முறுக்கிக் கட்டுவார்கள். அந்த இழுப்பையே பழைய பட்டு தாங்காது. அதற்கு மேல் கொக்கி ஊசி குத்திக் குத்தி வரும். மணியும் ஜமிக்கியும் எடை கூட்டும்.

(இன்னொருவர்) எங்கள் ஊரில் ஒருவர் என் கல்யாணப் புடவைக்கே ஆரி போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தானே இருக்கிறது? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

உங்கள் புடவை விரிசல் விட்டிருந்ததா? இல்லை என்றால் நாம் பேசுவது வேறு வேறு துணி. கெட்டியான பட்டில் ஆரி போடுவதை நான் குறை சொல்லவில்லை.

(அவரே) லைனிங் கொடுத்துப் போட்டால்?

லைனிங் அடியிலிருந்து தாங்கும், சரி. மேலே இருக்கும் பட்டின் இழை வெயிலிலும் வியர்வையிலும் வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்ததிலும் உடையத் தொடங்கியிருக்கிறது. லைனிங் அதைத் திரும்ப உயிர்ப்பிக்காது. உடைந்த இழையில் குத்தும் ஒவ்வொரு துளையும் அடுத்த விரிசலுக்கு வழி.

(மூன்றாமவர்) அப்படியென்றால் வெட்டத்தான் வேண்டுமா? அம்மா புடவையை வெட்ட மனசு வருமா?

மனசு வராவிட்டால் வெட்டாதீர்கள். விரிசலுக்கு அடியில் அதே நிறத்தில் மெல்லிய மல்மல் துணியைத் தட்டையாக வைத்து, ஒற்றைப் பட்டு இழையை விரிசலின் குறுக்கே படுக்கவைத்து, அதைச் சின்னச் சின்னத் தையலால் பிடித்துக் கட்டுங்கள் (கட்டுத்தையல்). ஃபிரேம் வேண்டாம், மேஜையில் விரித்தே தையுங்கள். கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக அது உதவாது. எடுத்துப் பார்க்க உதவும். மற்றவர்களுக்கு: உடல் பகுதி போனாலும் பார்டரும் முந்தானையும் பல புடவைகளில் நன்றாகவே இருக்கும். பார்டரைப் புதுப் புடவையில் வைத்துத் தைக்கலாம், முந்தானையை ரவிக்கையாக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஜரிகை அசல்தானா என்று நாலு இடத்தில் காட்டிக் கேளுங்கள். பட்டுப் பேச்சு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தோடர் பூவேலையை என் குர்தாவில் ஒட்டுப்போட எடுத்துக்கொள்ளலாமா?

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைக் கோராத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்வது அது. துணியில் கோடு வரைவதில்லை. பாவையும் ஊடையையும் எண்ணி எண்ணிப் போடுவார்கள். நம் குர்தா பாப்ளினில் இழையை எண்ணக் கண்ணுக்கு எட்டாது. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பார்த்துப் பழகுங்கள், வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். 'தோடர் எம்ப்ராய்டரி' என்று பெயர் போட்டு விற்காதீர்கள். வேண்டுமென்றால் அவர்களிடமே வாங்கலாம்.

சாஷிகோ கற்றுக்கொள்ள ஜப்பான் நூல்தான் வாங்கவேண்டுமா?

வேண்டாம். சாஷிகோ ஜப்பானியர்களின் ஓட்டுத்தையல்; முறுக்கு குறைந்த, தடித்த பருத்தி நூல் எதுவும் போதும். வங்காளத்தில் பழைய சேலையை அடுக்கி வைத்துப் போடும் காந்தாவும் ஓட்டுத்தையல்தான்; அதற்கு நூலைக்கூட முன்பெல்லாம் பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள்.

ஜீன்ஸுக்கு எத்தனை இழை மேடம்?

மேலே இருக்கிறது.

ஒட்டுத்துணியை ஃபெவிகாலில் ஒட்டிவிட்டுத் தைக்கலாமா?

காய்ந்தபின் விறைக்கும், ஊசி இறங்காது. குண்டூசி குத்துங்கள், இல்லாவிட்டால் நூலோட்டம் போடுங்கள். ஒட்டுத்துணியைத் துவைத்தீர்களா?

டீ-ஷர்ட்டில் பொத்தல். பூ போட்டேன், சுருங்கிக்கொண்டது.

பின்னல் துணி இழுபடும், உங்கள் தையல் இழுபடாது. அடியில் பழைய பனியன் துணி வையுங்கள், நூலைத் தளர்வாக விடுங்கள், சங்கிலித்தையல் போடுங்கள்.

கறை மேல் பூ…

மேலே, மேலே.

பையனின் யூனிஃபார்ம் பேண்ட்டில் கிழிசல். பள்ளியில் பூ எல்லாம் விடமாட்டார்கள். என்ன செய்வது?

கீழ் மடிப்பைக் கொஞ்சம் பிரியுங்கள். உள்ளே மடங்கியிருக்கும் துணி வெளுக்காமல் இருக்கும். அதன் வெட்டு ஓரத்திலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். அதையே ஊசியில் கோத்துக் கிழிசலில் பாவும் ஊடையுமாக இழையோட்டுங்கள். கிழிசல் தெரியாமல் இழையோட்டி மூடும் ரஃபூக்காரர்கள் செய்வது இதைத்தான். இழை குட்டையாக இருந்தால் ஊசியை முதலில் துணியில் ஓட்டி, காது மட்டும் வெளியே நிற்கும்போது இழையைக் கோத்து இழுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், இஸ்திரி போட்டால் மேடு தெரியும். நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், நாலு தடவை துவைத்தால் சேர்ந்துவிடும்.