லாடத் தொழிலை ஏன் பரிந்துரைக்கிறேன்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்காத மகன் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை என்றும், அவனுடைய தாய்மாமன் அவனை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால், அதற்காகத் தோட்டத்தை அடமானம் வைக்கும் யோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வெளிநாட்டில் 54 மாதப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்துத் திரும்புபவர், இங்கே தகுதித் தேர்வில் தேறி மேலும் ஓராண்டு பயிற்சி செய்தால்தான் மருத்துவராகப் பதிவு பெற முடியும். அந்தத் தேர்வில் தேறாதவர்களே பெரும்பான்மையினர். மனமில்லாத பையனை அந்த வரிசையில் நிறுத்துவதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போனால் பொழுது சாயும்வரை குதிரைகளை விட்டு வருவதில்லை என்று அவனைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருக்கும் மார்வாரி, கத்தியவாரி ஆகிய இரு குதிரை இனங்களையும் முக அமைப்பைக் கொண்டே பிரித்துச் சொல்கிறான் என்பதும் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. ஐயா, நான் குறையாக எண்ணாத ஒன்று அது. கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு உங்களுக்குத் தெரிந்ததே. அதற்கு மதிப்பெண் இருந்தால் விண்ணப்பியுங்கள். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத லாடத் தொழிலை, அதாவது குதிரையின் குளம்பைச் சீவி இரும்பு லாடம் பொருத்தும் வேலையைப் பற்றி.

குதிரையின் குளம்புச் சுவர் நம் நகத்தைப் போலவே கெரட்டினால் ஆனது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரத்தால் மட்டம் பார்த்து, மீண்டும் பொருத்த வேண்டும். உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களே தாங்குவதால், அங்கே ஒரு பக்கம் கூடுதலாகச் சீவிவிட்டால் மூட்டுகளும் தசைநாண்களும் பாதிக்கப்படும். குளம்பின் அடியில் சுவரும் உள்ளங்குளம்பும் சேருமிடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே உணர்ச்சியற்ற சுவரில் இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் குதிரை நொண்டும். தானியம் மிதமிஞ்சித் தின்ற குதிரைக்குக் குளம்புக்குள் லேமினைடிஸ் என்னும் அழற்சி வரலாம். முற்றிய நிலையில் குளம்புக்குள் இருக்கும் எலும்பே சுவரின் பிடியிலிருந்து விலகிக் கீழே இறங்கிவிடும். அப்போது மருத்துவரும் லாடம் கட்டுபவரும் எக்ஸ்ரே படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு சீவுவது என்று சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். சேணம், கடிவாளம், ஏறுபவர் கால் வைக்கும் அங்கவடி ஆகியவற்றின் பொருத்தத்தையும் லாடம் கட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். முதுகு வலியால் தடுமாறும் குதிரைக்குக் காலில் மட்டும் குறை தேடிப் பயனில்லை.

"குதிரைக்கு லாடம் அடிக்கவா படிக்க வைத்தோம்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஒருவர் லாடம் அடிப்பது குற்றம். அந்தப் பதிவுக்காக அங்கே நான்காண்டுகள் தொழிற்பயிற்சி பெறுகிறார்கள். உயிருள்ள காலில் ஆணி அடிக்கும் வேலையை இழிவாகப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வருமானத்தின் அடிப்படையையும் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தை மட்டுமே நம்ப வேண்டாம். கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை அரசு 2024இல் ரத்து செய்ததை நீங்கள் அறிவீர்கள். குதிரையேற்றப் பள்ளிகள், பெங்களூரு, புணே வட்டாரங்களின் இனப்பெருக்கப் பண்ணைகள், காவல் துறையின் குதிரைப்படை, கொங்குப் பகுதியில் சொந்தமாகக் குதிரை வளர்ப்போர் ஆகியோருக்கு இந்த வேலை ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது. இராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவிலும் இது ஒரு தனித் தொழில். அதன் பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது.

சில வாரங்களில் சான்றிதழ் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்பவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்துதான் இதைக் கற்க முடியும். முதல் பல மாதங்கள் அவன் குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதிலேயே கழியும். உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் விசாரித்தால் நல்ல கைகாரர் யார் என்று சொல்வார். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும் என்பதால், தடுப்பூசி போட்ட பிறகே மகனை லாயத்துக்கு அனுப்புங்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பிலும் சேர்த்துவிட்டு, விடுமுறைகளில் இந்த வேலைக்கு அனுப்பலாம். ஓராண்டு கழித்து முதுகு வலியையும் உதைபடும் அபாயத்தையும் அறிந்த பிறகும் அவனுக்கு இதே விருப்பம் இருந்தால், அரம், குறடு, பட்டடை வாங்கும் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மைத்துனரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். ஆனால் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் மகனிடம் கேளுங்கள்.