வாசகர் கேள்விகள்: பிங் எகிறினால் காதல் என்னாகும்?

போன இதழில் ஒரு சின்னப் படத்தைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். கோத்தகிரிப் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்தது. செலவு நாலு லட்சத்துக்குள் என்றார்கள். குன்னூரில் ஒரு ஹாலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினார்கள், வெளியே நல்ல மழை, உள்ளே அறுபது நாற்காலி, அதிலும் பத்து காலி. காந்திபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் ஒருவன், பெங்களூரில் நைட் ஷிஃப்ட் போகும் ஒருத்தி, இருவரும் ஒரு மொபைல் கேமில் ஒரே ஸ்குவாடில் விளையாடிப் பழகுகிறார்கள். முகம் பார்த்ததில்லை, ஹெட்போனில் குரல் மட்டும். இன்னும் வெளிவராத படம் என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சினிமாவைப் பற்றி நான் எழுதியதற்கு இவ்வளவு கடிதம் இதுவரை வந்ததில்லை, அதனால் இந்த வாரம் முழுக்க அதுதான்.

உள்ளூர்ப் பையன்கள் என்பதால் தூக்கிப் பிடிக்கிறீர்களா, இல்லை நிஜமாகவே நல்ல படமா?
*(வாசகர், அருவங்காடு)*

பாதிப் படம் நல்ல படம்.

அந்தப் பாதியில் ஒரு காட்சி. விளையாடிக்கொண்டிருக்கும்போதே அவள் அறைத்தோழி உள்ளே வந்துவிடுகிறாள், இவள் சட்டென்று மைக்கை அணைத்துவிடுகிறாள். அது தெரியாமல் அவன் பேசிக்கொண்டே போகிறான். வலப்பக்கம் ஆள் வர்றான் பாரு என்கிறான், அப்புறம் மதியம் சாப்பிட்டாயா என்கிறான், அப்புறம் சும்மா இருக்கிறான். கேமரா அவன் முகத்தைவிட்டு நகரவே இல்லை. கேமில் என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டவும் இல்லை, ஆனால் முகத்தில் விழும் வெளிச்சம் பச்சையாகி, ஆரஞ்சாகி, கடைசியில் சாம்பலாகும்போது அவன் ஆள் செத்துவிட்டான் என்று எனக்கே புரிந்தது, நான் வாழ்நாளில் அந்த மாதிரி கேம் ஒன்றுகூட ஆடியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் "அய்யோ" என்றார். அவரும் ஆடியிருக்க மாட்டார்.

இரண்டாம் பாதியில் சென்னையில் ஒரு டோர்னமென்ட், பரிசுப் பணம், கறுப்பு டீ-ஷர்ட் போட்ட வில்லன் டீம் என்று நாம் கபடிப் படத்திலும் கிரிக்கெட் படத்திலும் பார்த்துச் சலித்ததெல்லாம் வந்து சேர்கிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக் வாங்கியிருக்கலாம். தகர ஷீட்டில் மழை விழும் சத்தத்தில் நாயகியின் பாதி வசனம் போய்விட்டது. குரலை மட்டும் நம்பி நிற்கிற காதல் கதையில் குரலே கேட்காவிட்டால் எப்படி?

நானும் நண்பர்களும் சரவணம்பட்டியில் ஐடி வேலை, ஊர் கட்டபெட்டு. இதே மாதிரி ஒரு கதை எங்களிடமும் இருக்கிறது. நாங்கள் தினமும் விளையாடும் கேமையே ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து படத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? சோதனைக்கு ஒரு காட்சி எடுத்தோம், செல்போன் திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறது.
*(வாசகர், கோவை)*

இரண்டு கேள்வி, இரண்டும் காசு சம்பந்தப்பட்டவை.

கேமில் வரும் படம், இசை, உருவம் எல்லாம் அதைச் செய்த கம்பெனியின் சொத்து. யூடியூபில் விளையாடிக் காட்டுவதற்குப் பல கம்பெனிகள் நிபந்தனையோடு விட்டுவிடுகின்றன என்பதால் எல்லாவற்றுக்கும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட் போட்டு விற்கிற படத்துக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். நான் ஒரு கம்பெனியில் இருந்தால் கட்டபெட்டிலிருந்து வரும் மெயிலுக்குப் பதில் போடுவேனா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அனுமதியே கிடைத்தாலும் நான் வேண்டாம் என்பேன். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் இங்கே தடை செய்தார்கள். 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதையும் ஸ்டோரிலிருந்து தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்ப விட்டார்கள். உங்களை மாதிரி சனி ஞாயிறு மட்டும் ஷூட்டிங் போகிறவர்களுக்கு ஒரு படம் முடிய மூன்று வருடம் ஆகும். கதை எழுதும்போது இருந்த கேம் ரிலீஸ் அன்றைக்கு நாட்டிலேயே இருக்காது, இருந்தாலும் பத்து அப்டேட் வந்து முகமே மாறியிருக்கும்.

அதனால் சொந்தமாக ஒன்று செய்துவிடுங்கள். முழு கேம் வேண்டாம், கேம் மாதிரித் தெரிகிற நாலு திரை போதும். கோடாட் என்று ஒரு கேம் எஞ்சின் இருக்கிறது, இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, அதில் செய்ததை விற்றாலும் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. மரம், வீடு செய்ய பிளெண்டர், அதுவும் இலவசம். நான் பார்த்த படத்தில் ஒரு பாலம், சில்வர் ஓக் மாதிரி நாலு மரம், ஓடுகிற இரண்டு உருவம், அவ்வளவுதான் செய்திருந்தார்கள். தோட்டத்து மரத்தையே பார்த்துச் செய்தது என்று பிறகு சொன்னார்கள், பார்க்கும்போதே எனக்குச் சந்தேகம்தான்.

பட்டைக்கு வருவோம். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதற்காகத்தான் கேமராவை நொடிக்கு 25 ஃபிரேமிலும் ஷட்டரை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கிலும் வைக்கிறோம். ஆனால் செல்போன் திரை நொடிக்கு 60 முறை, புதிய போன் என்றால் 90 அல்லது 120 முறை தன்னைப் புதுப்பிக்கிறது. இரண்டு தாளமும் ஒத்துப்போகவில்லை, பட்டை ஓடுகிறது. 30 ஃபிரேம், அறுபதில் ஒரு பங்கு என்று மாற்றினால் 60, 120-இல் ஓடும் செல்போன் அடங்கும், டியூப் லைட் ஆட ஆரம்பிக்கும், அதனால் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் மானிட்டர் என்றால் செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள், பல மானிட்டர் ஏற்றுக்கொள்ளும். ஓலெட் திரை போன்கள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைத்தால் துடிப்பு இன்னும் மோசமாகும், பிரைட்னஸை முழுக்க ஏற்றிவிட்டு லென்ஸில் சமாளியுங்கள்.

இதெல்லாம் திரையைக் காட்டியே ஆக வேண்டிய ஒன்றிரண்டு ஷாட்டுக்கு மட்டும். மற்ற நேரம் நடிகர் கையில் போனுக்குப் பதில் ஒரு சின்ன எல்ஈடி பேனலைக் கொடுத்துவிட்டு, நிறம் மாற்ற ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அனுமதிக் கடிதமும் வேண்டாம், பட்டையும் ஓடாது. பார்க்க வருகிறவருக்கு வேண்டியது அந்த முகம்தானே தம்பி, கேமை அவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்.

ஏழாயிரம் டாலரில், செல்போனில் எல்லாம் படம் எடுத்து உலகப்புகழ் பெற்றார்களாமே?
*(கல்லூரி மாணவி, ஊட்டி)*

பெற்றார்கள். ராபர்ட் ரோட்ரிகஸ் 1992-இல் 'எல் மரியாச்சி'யை ஏறக்குறைய அந்தப் பணத்தில்தான் எடுத்தார். ஆனால் அது படம் எடுத்த செலவு. கொலம்பியா கம்பெனி வாங்கித் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது சவுண்டுக்கும் பிரின்டுக்கும் அதைப்போலப் பல மடங்கு கொட்டியது, அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' 2015-இல் வந்தது, ஐபோன் 5எஸ்-இல் எடுத்தது, ஆனால் போனுக்கு முன்னால் தனி லென்ஸ் மாட்டியிருந்தார்கள். நீங்கள் செல்போனிலேயே எடுங்கள். சவுண்டை மட்டும் செல்போனில் எடுக்காதீர்கள், மேலே தகர ஷீட் கதையைப் படித்திருப்பீர்கள்.

ராத்திரி இரண்டு மணி வரை கேம் ஆடுகிற பிள்ளைகளை வகுப்பில் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் கேம் ஆடுகிறவர்களை நாயகன், நாயகி ஆக்கிப் படமா?
*(ஆசிரியை, வெலிங்டன்)*

கோபம் நியாயம்தான் டீச்சர். ஆனால் மூன்று விஷயத்தை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் கட்டி ஆடுகிற ரம்மி, போக்கர் சமாசாரம் வேறு. குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது அதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது, அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைப் போட்டி விளையாட்டாக ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. இரண்டாவது, நோய். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். உங்கள் வகுப்பில் தூங்கும் பிள்ளைகளில் ஓரிருவர் அப்படி இருக்கலாம், கவனியுங்கள்.

மூன்றாவது, சும்மா ஆடுவது. இந்தப் படத்தின் நாயகி விடிகாலை நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வருகிறாள். அந்த நேரத்தில் அவளோடு பேச யார் இருக்கிறார்கள்? நான் ஸ்கூல் படிக்கும்போது பக்கத்து வீட்டு டிவியில் கேசட் போட்டு மரியோவும் காண்ட்ராவும் ஆடப் போவோம். ஆடினது கால் மணி, முறை வரும்வரை அந்த வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தது இரண்டு மணி. அதற்கு மேல் அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன்.

ஊட்டியிலேயே ஃபிலிம் செய்யும் ஃபேக்டரி இருந்ததாம், என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான்.
*(ஓய்வு பெற்றவர், இந்து நகர்)*

இந்து நகரில் குடியிருந்துகொண்டே உங்களை நம்பவில்லையா! ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு கம்பெனி, 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்பது அவர்கள் ஃபிலிமின் பெயர். கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இங்கிருந்து போனது. பிறகு நொடித்துப்போய் மூடிவிட்டார்கள்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 35 எம்எம் ஃபிலிம் 400 அடி டப்பா ஒன்று நாலரை நிமிடம்கூட ஓடாது. ஒரு டேக் வீணானால் காசு எரிகிற வாசனை வரும். இந்தப் பையன்கள் அந்த மைக் காட்சியை முப்பத்தெட்டு டேக் எடுத்தார்களாம், ஃபிலிம் காலமாக இருந்தால் மூன்றாவது டேக்கில் தயாரிப்பாளர் மயங்கி விழுந்திருப்பார். படத்தில் இருப்பது எத்தனையாவது டேக் என்று கேட்டேன். இரண்டாவது என்றார்கள்.

காதல் படம், அதுவும் மலைக்காரர்கள் எடுத்தது. கேத்தி ஸ்டேஷனில் ஒரு காட்சிகூட இல்லையா?
*(வாசகர், கேத்தி)*

இல்லை, நல்லவேளை. 1982-இல் 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி அங்கே நடந்த பிறகு அந்த பிளாட்பாரத்தில் யார் நின்று அழுதாலும் பார்க்கிறவர்கள் கமலைத்தான் தேடுவார்கள்.

சென்னையிலிருந்து கேமரா நண்பர்கள் ஷூட்டிங்குக்கு வருகிறார்கள். மலையில் என்ன கவனிக்க வேண்டும்?
*(வாசகர், கூடலூர்)*

வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ், 2024 மே மாதத்திலிருந்து அது இல்லாமல் மேலே விட மாட்டார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரிப் பேட்டரியைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்துவிட்டு அடுப்பு எரிகிற வீட்டுக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும், பையை மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்கட்டும். காட்டெருமை நிற்கிறது, சூப்பர் ஷாட் என்று யாராவது இறங்கினால் காலரைப் பிடித்து வண்டியில் ஏற்றுங்கள்.

நான் ஒருவரை இப்படித்தான் கேமில் சந்தித்தேன். அவர் ஓசூரில். நான் ஊருக்கு வந்தால் சிக்னல் கிடையாது, பிங் எகிறிவிடும், பாதியில் கட்டாகும். படத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எப்படிக் காட்டினார்கள்?
*(வாசகி, மஞ்சூர்)*

கேம் ஆடாதவர்களுக்காக ஒரு வரி: பிங் என்பது நம் போனிலிருந்து செய்தி போய்த் திரும்பி வருகிற நேரம், மில்லி செகண்டில். நாற்பது, ஐம்பது என்றால் தெரியாது. முந்நூறு, நானூறு ஆனால் நாம் சுடுகிற இடத்தில் எதிராளி இல்லை, எப்போதோ நகர்ந்துவிட்டான்.

படத்தில் அவள் படகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குக் கோத்தகிரிக்கு மேலே தன் ஹட்டிக்கு, அதாவது கிராமத்துக்கு, வருகிறாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து விளையாடுகிறாள், பனி. கட்டாகிவிடுகிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, ஆள் போய்விட்டாலும் உருவம் அதே இடத்தில் மரம் மாதிரி நிற்கும். முன்னால் ஓடினால் அவன் ஜெயிக்கலாம் என்கிற நிலைமை. ஓடவில்லை. அசையாமல் நிற்கிற அந்த உருவத்துக்குப் பக்கத்தில் தன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திக் காவல் காக்கிறான், ஆட்டக் களத்தின் எல்லை சுருங்கிக்கொண்டே வருகிறது. இந்த இடத்தில் மட்டும் கேம் திரையை முழுசாகக் காட்டுகிறார்கள், படத்திலேயே ஒரே ஒரு தடவை, ஒரு நிமிடம் இருக்கும். பாலம், நாலு சில்வர் ஓக், இரண்டு உருவம். ஹாலில் யாரும் இருமக்கூட இல்லை. மேலே தொட்டி மேல் அவள் போனை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இது எதுவுமே தெரியாது.

அங்கேயே முடித்திருக்க வேண்டிய படம். அதற்கப்புறம்தான் அந்த டோர்னமென்ட். திரையிடல் முடிந்ததும் டைரக்டர் பையனிடம் இதைச் சொன்னேன், வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே யோசித்தான், எடிட்டிங்கில் மறுபடி உட்காருகிறேன் சார் என்றான். பார்ப்போம்.

அது சரி, ஓசூர்க்காரர் உங்களுக்குக் கட்டானபோது ஓடினாரா, நின்றாரா? அதை எழுதவே இல்லையே நீங்கள்.