விட்டுப்போன மறுநாள் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 43. அலுவலக வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கடந்த சில ஆண்டுகளில் உடற்பயிற்சியை எத்தனை முறை தொடங்கி எத்தனை முறை விட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசியாகத் தொடங்கியபோது, காலை ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேர நடை, கால் மணி நேர யோகா, இனிப்பை அறவே நிறுத்துவது, இரவு பத்து மணிக்குள் படுப்பது என எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தேன். காலண்டரில் தினமும் சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன். 19 நாள் தவறவில்லை. பிறகு இளையவனுக்குக் காய்ச்சல். மூன்று இரவு தூக்கமில்லை. அதோடு சரி. நான்காம் நாள் காலண்டரைப் பார்க்கவே பிடிக்காமல் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் 'ஆரம்ப சூரத்தனம்' என்று கேலி செய்கிறார்கள். மனவுறுதி என்பதே எனக்குக் கிடையாதோ? மறுபடி தொடங்கப் பயமாக இருக்கிறது. மாடி ஏறினால் முழங்கால் வேறு வலிக்கிறது. இடையில் விட்டுவிடாமல் தொடர என்னதான் வழி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

பிள்ளை காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் நீங்கள் நடக்கப் போகாததில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அந்த நிலையில் யாரும் போயிருக்க மாட்டார்கள். நான் பேச விரும்புவது நான்காம் நாளைப் பற்றி. அன்று காய்ச்சல் தணிந்திருந்தது, ஷூ இருந்த இடத்தில் இருந்தது, பாதையும் எங்கும் போய்விடவில்லை. மூன்று நாள் ஓய்வில் உடம்பு எதையும் இழந்துவிடாது. அப்படியிருந்தும் உங்களை வீட்டோடு நிறுத்தியவை காலண்டரில் இருந்த மூன்று வெற்றுக் கட்டங்கள். டிக் போட்ட 19 கட்டங்களும் பக்கத்திலேயேதான் இருந்தன. அவை உங்கள் கண்ணில் படவே இல்லை.

இப்படி ஆவது உங்களுக்கு மட்டும் அல்ல. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை விருப்பம்போல் சாப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றில் ஏற்கெனவே மில்க் ஷேக் இருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் நேர்மாறாக நடந்துகொண்டார்கள். மில்க் ஷேக் குடித்துவிட்டதாலேயே, அதைக் குடிக்காத மற்றவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். 'இன்றைய கட்டுப்பாடுதான் போய்விட்டதே, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன' என்ற எண்ணம் செய்யும் வேலை இது. குடிப்பழக்கத்தை விட்டவர்கள் மறுபடி அதில் விழுவதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் இதையொட்டிய ஒன்றைச் சொன்னார். ஒருமுறை சறுக்கியவர் 'என் குணமே இதுதான்' என்று எடுத்துக்கொண்டால், அந்தச் சறுக்கல் முழு வீழ்ச்சியாக மாறும் அபாயம் அதிகம். 'அன்றைய நிலைமை அப்படி' என்று எடுத்துக்கொள்பவர் எழுந்துவிடுகிறார்.

'மனவுறுதி என்பதே எனக்குக் கிடையாதோ' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை நீங்கள் இப்போதே கீழே வைத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். காய்ச்சல் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று நாள். மீதி ஐந்து மாதத்தையும் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.

இடையில் விட்டுவிடாமல் தொடர வழி கேட்கிறீர்கள். அப்படி ஒரு வழி இருப்பதாக உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், அலுவலகத்தில் வேலை குவியும், விருந்தினர் வருவார்கள், உங்களுக்கே உடம்பு முடியாமல் போகும். பல ஆண்டுகளாக உடற்பயிற்சி செய்துவருகிறவர்களுக்கும் இதெல்லாம் நடக்கிறது. அவர்களும் பலமுறை விட்டுவிட்டுத் தொடங்கியவர்கள்தான். விட்ட பிறகு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஆகவே நீங்கள் திட்டமிட வேண்டியது முதல் நாளை அல்ல. அதில் நீங்கள் கெட்டிக்காரர். விட்டுப்போன மறுநாளைத் திட்டமிடுங்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் செய்யும்படி ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு அது வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். உங்களுக்கு முக்கியமான செய்தி அடுத்தது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கள் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். 'குறைந்தது' என்பது காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. 19ஆம் நாள் வரை வந்து இரண்டே நாளில் கோட்டை விட்டுவிட்டோம் என்ற வருத்தம் உங்களுக்கு இருந்தால், அதற்கு ஆதாரமே இல்லை.

அடுத்தது, நீங்கள் அகலக்கால் வைத்தது. ஒரே நாளில் ஐந்து மாற்றங்கள். அவற்றில் மிகப் பாரமானது ஐந்து மணிக்கு எழுவது என்பேன். அலுவலகமும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் பத்து மணிக்குப் படுப்பது எத்தனை நாள் நடந்திருக்கும்? படுக்கப் பதினொன்றரை ஆகி ஐந்துக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். அதிகாலையில் செய்தால்தான் உடற்பயிற்சி பலன் தரும் என்று எந்த விதியும் இல்லை. தூக்கத்தை வெட்டி நடையில் சேர்க்காதீர்கள். ஐந்து மணியை விட்டுவிடுங்கள். யோகாவும் இனிப்பும் சில மாதங்கள் காத்திருக்கட்டும். இப்போதைக்கு நடை ஒன்று போதும்.

ஒரு மணி நேரமும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்கினால் போதும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட முழுதாக வரவில்லை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். காலையில் எட்டு நிமிடம், மதியம் ஐந்து நிமிடம் என்று நடப்பதும் சேரும். மிதமான வேகம் எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இப்போது மறுநாள் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 248 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. வாரத்தில் ஒருமுறையாவது இருபது நிமிட உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் இலக்கு. எதுவும் சொல்லப்படாதவர்களில் 38 சதவீதத்தினர் செய்தார்கள். இதயநோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மையைப் பற்றியும் படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்தியவர்களில் 35 சதவீதத்தினர். அதாவது, ஊக்கப்படுத்தியதால் எதுவும் கூடவில்லை. மூன்றாவது குழுவுக்கும் அதே தகவல்களைக் கொடுத்து, கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர்களில் 91 சதவீதத்தினர் செய்து முடித்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் உங்களைப் போலத் தங்களையே திட்டிக்கொள்கிற எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஆசையிலும் அறிவிலும் நீங்கள் குறைந்தவர் அல்ல. நேரமும் இடமும் முடிவாகாமல்தான் காரியம் தள்ளிப்போகிறது.

ஆகவே இரண்டு வாக்கியம் எழுதுங்கள். முதலாவது, ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு நடையைக் கோத்துவிடுவது. 'அலுவலகத்திலிருந்து வந்து பையை வைத்ததும், உட்காராமல், ஷூவை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடப்பேன்.' அந்த 'உட்காராமல்' என்பதை விட்டுவிடாதீர்கள். நாற்காலியில் சாய்ந்து செல்போனைக் கையில் எடுத்துவிட்டால் அன்றைய நடை பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது வாக்கியத்தைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. 'ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் அதே நேரத்தில் ஐந்து நிமிடம் மட்டும் நடப்பேன்.' ஐந்து நிமிடம் என்பதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு நடப்பது வேண்டவே வேண்டாம். அது தண்டனை ஆகிவிடும். தண்டனைக்கு யாரும் விரும்பித் திரும்பிப் போவதில்லை. ஐந்து நிமிட நடையால் உடம்புக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்த நேரம் நடைக்கு உரியது என்பது மறக்காமல் இருக்கும். உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அது முழுவதும் விட்டுப்போகும்வரை ஓய்வெடுங்கள். பிறகு ஒரு வாரம் பாதி அளவு. இரண்டு மூன்று வாரம் நின்றுபோனால் மூச்சுத் திறன் சற்றுக் குறையத்தான் செய்யும், ஆனால் முதலில் அதை அடையப் பிடித்த காலம் மறுமுறை பிடிக்காது.

அலமாரியிலிருந்து காலண்டரை வெளியே எடுங்கள். வெறுமையாக விட்ட அந்த மூன்று கட்டங்களிலும் 'காய்ச்சல்' என்று எழுதுங்கள். இனி எந்த நாள் விட்டுப்போனாலும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்: 'கூட்டம்', 'மழை', 'அசதி'. 'மனமில்லை' என்றாலும் எழுதலாம். இரண்டு மாதம் கழித்து அந்தச் சொற்களை வரிசையாகப் படித்தால் எந்தக் கிழமை, எந்தக் காரணம் அடிக்கடி வருகிறது என்று தெரியும். அந்தக் கிழமைக்கு வேறு நேரம் பார்க்கலாம். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணுவதை மட்டும் நிறுத்துங்கள். வாரக் கடைசியில் எத்தனை டிக் என்று பாருங்கள். முதல் மாதத்தில் வாரத்துக்கு நான்கு இருந்தால் தாராளமாகப் போதும்.

வீட்டில் கேலி செய்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று இரவும் பிள்ளையோடு விழித்திருந்தது நீங்கள் ஒருவர்தானா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே எனக்குச் சந்தேகம். இரவுகளைப் பங்கிட்டுக்கொள்ள இன்னொருவர் இருந்திருந்தால் நான்காம் நாள் உங்கள் உடம்பில் தெம்பு மிச்சம் இருந்திருக்கும். மனவுறுதி இல்லை என்று சொல்லப்படுகிற பல பெண்களின் கடிதங்களில் நான் காண்பது ஓய்வு இல்லாமையைத்தான். மாலையில் அந்த இருபது நிமிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். 'எனக்கு உதவி செய்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'ஆறரையிலிருந்து ஆறு ஐம்பது வரை பிள்ளைகள் உன் பொறுப்பு' என்று நேரம் குறித்துக் கேளுங்கள். கேலி உங்களைப் புண்படுத்துகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முழங்காலைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். தொடங்குவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீக்கம், இரவிலும் வலி, மூட்டு திடீரென்று பூட்டிக்கொள்வது, கால் மடிந்துபோவது இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் மாடி ஏறும்போது மட்டும் வலித்தால், தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்துவது பலருக்கு நிவாரணம் தருகிறது. அதற்கு எளிதான பயிற்சி, சற்று உயரமான, நகராத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தேவைப்பட்டால் கையை ஊன்றிக்கொள்ளலாம். மெதுவாக எட்டு முறை, சற்று இளைப்பாறிவிட்டு மீண்டும் எட்டு முறை. மருத்துவர் சரி என்று சொன்னால் வாரத்தில் இரண்டு நாள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்ற கணக்கிலும் அது சேரும். முதல் சில வாரங்களுக்கு மேடு பள்ளம் இல்லாத சமதளத்தில் நடங்கள். தொடையில் ஓரிரு நாள் தசைவலி இருப்பது இயல்பு. மூட்டு வலி மறுநாளும் கூடுதலாக இருந்தால் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.