கழுதை ஒதுங்காத வாசல்

வணக்கம் சார்,

பதினைந்து வருடமாக அட்லாண்டாவில் இருக்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2013-ல் மகளுக்கு மூன்று வயது. முதல்முறையாக ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போனோம். ராத்திரி கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை. மகள் தோளில் தூங்கிவிட்டாள், நான் அழுதுகொண்டிருந்தேன். அன்று தொடங்கிப் போன டிசம்பர் வரை மொத்தம் 19 தடவை போயாகிவிட்டது. லீவு, போனஸ் எல்லாம் அங்கேதான் கரைந்தது. எந்த ரைடில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், எந்தக் கடையில் சட்டையில் குத்திக்கொள்ளும் புது பின் வரும் என்பதெல்லாம் அத்துப்படி. தமிழ்ச் சங்கத்தில் எனக்கு ‘டிஸ்னி மாமா’ என்றே பேர். அந்தப் பின் மட்டும் நானூறுக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

போன டிசம்பரில் மகள், “நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டாள். நானும் மனைவியும் மட்டும் போனோம். அங்கே எப்காட் என்ற பூங்காவில் ஏரியைச் சுற்றி நாட்டுக்கு ஒரு பகுதி உண்டு. அதில் மொராக்கோ பகுதியில் ஃபெஸ் நகரத்து வாசலைப் போலவே ஒரு வாசல் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கடையில் வேலை பார்த்த பையன் ஃபெஸ்காரன். “உங்கள் ஊரில் இது இப்படியேவா இருக்கும்?” என்று கேட்டேன். சிரித்தான். “இப்படித்தான். ஆனால் அங்கே கழுதை வரும். நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அது ஒதுங்காது” என்றான்.

அன்றைக்கு முழுக்க அதுவே மண்டையில் ஓடியது. அந்த வாசலில் நான் ஒருநாளும் எதற்கும் ஒதுங்கியதில்லை. இப்போது எல்லாமே போலி என்று தோன்றுகிறது. இத்தனை வருடமும் வீணா? இனிமேல் அசல் உலகத்தைப் பார்ப்பது என்று எக்ஸெல் போட்டிருக்கிறேன். எப்காட்டில் உள்ள 11 நாடுகளில் அமெரிக்காவைக் கழித்தால் பத்து. மெக்ஸிகோவில் ஆரம்பித்து, அங்கே ஏரியைச் சுற்றிவரும் அதே வரிசையில், வருடத்துக்கு ஒன்று. சரியாக வருமா? பின்களை விற்றுவிடலாமா?

கே.

---

அன்புள்ள கே.,

வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்குச் சின்ன வயதில் தீவுத்திடல் பொருட்காட்சி. பொங்கல் வந்தால் அப்பாவை அரித்துத் தின்றுவிடுவேன். ஜயண்ட் வீல், மரணக் கிணறு, முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம். எந்த அரசுத் துறை அரங்கில் ஓசியில் என்ன கொடுப்பார்கள் என்று தம்பிகளுக்குப் பாடம் எடுப்பேன். ஆனால் அந்தத் திடலுக்கு ஏன் தீவு என்று பேர் என்று முப்பது வயதுவரை கேட்கத் தோன்றியதில்லை. கூவம் இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான் காரணம். பஸ் அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, ராட்டினம் தெரிகிறதா என்று முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்காவது நாற்றம் வந்தது. உங்களுக்கு அதுகூட வராதபடி பார்த்துக்கொண்டார்கள். 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் கட்டியபோது வால்ட் டிஸ்னி அதைச் சுற்றி ஏரிக்கரை மாதிரி மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயில் விட்டார். உள்ளே நிற்பவன் கண்ணில் வெளியுலகம் படக்கூடாது என்பதற்காக. அங்கே எதிர்காலத்தைக் காட்டும் பகுதி வழியாகக் கௌபாய் வேஷக்காரர் ஒருவர் வேலைக்கு நடந்து போவதைப் பார்த்து வால்ட் டிஸ்னிக்கு மனசு கேட்கவில்லை என்று ஒரு கதை உண்டு. ஃப்ளோரிடாவில் அதற்கும் வழி கண்டார்கள். ஊழியர் நடமாட்டத்துக்குத் தனிச் சுரங்கப்பாதைகள். நீங்கள் 19 தடவை போனவர், உங்களுக்குத் தெரியாததா! அவை உண்மையில் சுரங்கமே இல்லை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் சதுப்பு என்பதால் தரைமட்டத்திலேயே பாதையைக் கட்டி, எதிரே ஏரி வெட்டிய மண்ணை அதைச் சுற்றிக் கொட்டி, மேலே பூங்காவை வைத்தார்கள். நீங்கள் நடந்த அந்தத் தெரு முதல் மாடி.

இதைப் போலி என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மொராக்கோ பகுதிக்கு மன்னர் இரண்டாம் ஹசன் தன் கைவினைஞர்களை அனுப்பிவைத்தார். ஓடு வெட்டிப் பதித்தது அவர்கள் கை. 189 அடிக் கோட்டையில் மேலே போகப் போகக் கல்லின் அளவைச் சின்னதாக்கி, இன்னும் உயரமாகத் தெரியும்படி செய்ததும் அசல் வேலைதான். உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். அங்கே இருக்கும் ஒவ்வொன்றும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. வாசல், வாணவேடிக்கை, கையாட்டும் எலி எல்லாமே. கழுதைக்கு நீங்கள் வருவது தெரியாது, தெரிந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. பதினோரு வருடத்தில் உங்கள்மேல் அக்கறை இல்லாத ஒன்றை அந்தப் பூங்காவில் முதல்முறையாக, அதுவும் வாய்வார்த்தையாகத்தான் சந்தித்திருக்கிறீர்கள்.

அதனால்தான் அந்த எக்ஸெல் எனக்குப் பயமாக இருக்கிறது. அதே ஏரி, அதே வரிசை, வருடத்துக்கு ஒரு நாடு. இது டிஸ்னியிலிருந்து வெளியே வருவது ஆகாது, டிஸ்னிக்கு மண்மேட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது. ஃபெஸ்ஸில் போய் நின்றுகொண்டு ‘எப்காட்டில் இந்த இடம் சுத்தமாக இருக்குமே’ என்பீர்கள். பத்தாவது வருடம் கனடாவுக்கு டிக் போட்டதும் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. அசலைத் தேடிப் போனால் அசல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே குழப்பம். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் கோட்டைக்கு முன்மாதிரி ஜெர்மனியில் பவேரியாவின் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. நிஜ ராஜா கட்டியது, நிஜ மலை. ஆனால் 1869-ல் வேலை தொடங்கிய அந்தக் கோட்டைக்குத் தோற்றம் வரைந்துகொடுத்தவர் கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். அதைக் கட்டிய ராஜா இரண்டாம் லுட்விக்குக்கு இசையமைப்பாளர் வாக்னரின் ஆபராக்கள், அதாவது இசை நாடகங்கள்மேல் அப்படிப் பைத்தியம். கோட்டை, கொத்தளம் எல்லாம் போருக்குப் பயன்படாமல் போன காலத்தில், தன் கனவுக்குள் தனியாக இருக்க ஒரு செட் போட்டார். கட்டி முடிக்குமுன் 1886-ல் ஏரியில் பிணமாகக் கிடைத்தார். சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். உங்களுக்கு முன்னோடி அவர்தான் கே., என்ன, அவரிடம் பணம் அதிகம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

பாஸ்போர்ட்டைத் தொட வேண்டாம். அட்லாண்டாவிலிருந்து நீங்கள் காரில்தான் போயிருப்பீர்கள், இல்லையா? ஐ-75. போகவர 38 தடவை. கெய்ன்ஸ்வில் தாண்டியதும் இரண்டு பக்கமும் மரம் மறைந்து திடீரென்று வெட்டவெளி வரும், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் பெய்ன்ஸ் ப்ரெய்ரி. நெடுஞ்சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே காட்டெருமையும் காட்டுக் குதிரையும் மேய்கின்றன, முதலை வெயில் காய்கிறது. 1970-களில் காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒக்காலா. அங்கே சில்வர் ஸ்ப்ரிங்ஸ் ஊற்றில் அடியில் கண்ணாடி வைத்த படகு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓடுகிறது. டிஸ்னி பிறக்கும் முன்பே ஜனங்கள் ஃப்ளோரிடாவுக்கு உல்லாசப் பயணம் வந்தது இதற்காகத்தான். நீங்கள் அந்த எக்ஸிட்டில் பெட்ரோல் போட்டிருப்பீர்கள்.

ஆனால் இவற்றையும்விட நான் உங்களைப் பார்க்கச் சொல்வது தண்ணீரை. பூங்கா நிலத்தின் ஊடே ரீடி க்ரீக் என்று ஒரு ஓடை போகிறது. அது தெற்கே ரஸல் ஏரிக்குப் போய், அங்கிருந்து கிஸ்ஸிமி ஏரிகள், கிஸ்ஸிமி ஆறு, ஒக்கீச்சோபி ஏரி, கடைசியில் எவர்கிளேட்ஸ் சதுப்பு. உங்கள் ஹோட்டல் கூரையில் பெய்த மழை எங்கே போகும் என்று கேட்டால் இதுதான் விடை. கிஸ்ஸிமி ஆறு முன்னே 103 மைல் வளைந்து வளைந்து ஓடியது. 1947-ல் புயல் வெள்ளம் வந்து பெரிய சேதம். இனி வெள்ளமே வரக்கூடாது என்று 1962-லிருந்து ராணுவப் பொறியாளர்கள் ஆற்றை வெட்டி நேராக்கி, 56 மைல் நீளத்தில் ஒரு வாய்க்காலாகச் சுருக்கிவிட்டார்கள். வேலை முடிந்த வருடம் 1971. டிஸ்னி வேர்ல்டு திறந்ததும் அதே 1971, அக்டோபர் 1. ஆற்றின் இருபக்கமும் ஈரநிலம் காய்ந்தது, நீர்ப்பறவைகள் அநேகமாகக் காணாமல் போயின. அப்புறம் யோசித்து, 1999-ல் வாய்க்காலை மண் போட்டு மூடி வளைவுகளைத் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். 2021-ல் முடிந்தது. 44 மைல் ஆறு பழையபடி வளைந்து ஓடுகிறது. பறவைகளும் திரும்பிவிட்டன. ஒரே தலைமுறையில் ஆற்றை நேராக்கி, தப்பு என்று உணர்ந்து, கோணலாக்கவும் செய்த மனிதர்கள்! எனக்கு இது எந்த ரைடையும்விடப் பெரிய கதையாகப் படுகிறது.

அந்த ரஸல் ஏரிக்கரையை நீங்கள் கால்நடையாகவே தொடலாம். 1990-களின் தொடக்கத்தில், தன் நிலத்தில் சதுப்பை அழித்துக் கட்டுவதற்கு ஈடாக டிஸ்னி நிறுவனம் தெற்கே ஒரு பழைய மாட்டுப் பண்ணையை வாங்கி, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தது. இன்று பன்னிரண்டாயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான காடு அது. பெயரே டிஸ்னி வைல்டர்னஸ் ப்ரிசர்வ். பேரைக் கேட்டதும் கோட்டையும் வாணவேடிக்கையும் எதிர்பார்க்காதீர்கள். ஊசிமரம், பனைப்புதர், மணல், கொசு. டிஸ்னி மாமா போகாத ஒரே டிஸ்னி அதுவாகத்தான் இருக்கும்.

வீணா என்று கேட்டிருந்தீர்கள். கல் எங்கே சின்னதாகிறது என்று பார்க்கப் பழகிய கண் வீணாகாது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் முன் போய் அதே கண்ணோடு நின்று பாருங்கள். மாடி மாடியாகக் குறுகிப் போவதில் உங்களுக்குத் தெரிந்த வித்தை ஏதாவது இருக்கிறதா என்று. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்த்தால் போதும், இதற்கும் எக்ஸெல் போட வேண்டாம். வரிசையில் நிற்கும் பொறுமையும் நல்ல சொத்துதான். பின்களை விற்காதீர்கள். அவை உங்கள் மகளுடைய குழந்தைப் பருவம், உங்களுடையது மட்டும் இல்லை. அவளிடம் கேளுங்கள். பத்து எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடு என்று அவள் சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் வரவில்லை என்றதில் உங்களுக்கு வருத்தம் என்று கடிதத்தில் தெரிகிறது. பதினாலு வயதில் வராமல் இருப்பதுதான் முறை. உங்கள் வீட்டில் முதலில் மண்மேட்டைத் தாண்டியவள் அவள். அவளை வேறு இடத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆர்லாண்டோவுக்கு வடக்கே நாற்பது நிமிடத்தில் ப்ளூ ஸ்ப்ரிங் என்ற மாநிலப் பூங்கா. ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க ஒரே வெப்பம், 22 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்தில் பக்கத்து செயின்ட் ஜான்ஸ் ஆறு அதைவிடக் குளிர்ந்துபோகும்போது மானட்டி என்ற கடற்பசுக்கள் கதகதப்புக்கு இந்த ஊற்றில் வந்து ஒண்டிக்கொள்ளும். 1970 வாக்கில் ஆராய்ச்சி தொடங்கியபோது இருபதுகூட வரவில்லை. இப்போது நல்ல குளிர் நாளில் நூற்றுக்கணக்கில் வருகின்றன.

எப்போது போவது என்பதில் மட்டும் உங்கள் பழைய கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். வெயில் அடிக்கிற இதமான நாளாகப் பார்த்துப் போனால் ஆறும் வெதுவெதுப்பாக இருக்கும், அவை ஆற்றோடு போயிருக்கும். ஜனவரியில் பல்லைக் கிட்டவைக்கும் காலையாகப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு கேட் திறக்கும். இடம் நிறைந்ததும் மூடிவிடுவார்கள், அதனால் ஏழரைக்கே போய் நில்லுங்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. உள்ளே ஒரு மரநடைபாதை இருக்கிறது, அதில் நின்று பார்க்கலாம். அவை வேடிக்கை எதுவும் காட்டாது. கல் மாதிரிக் கிடக்கும், சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டி மூச்சு விட்டுவிட்டு மறுபடி கிடக்கும். மகள் போனை எடுத்துவிடலாம், எடுக்கட்டும்.

போவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். பாக் நீரிணையில் இதன் உறவுக்காரி இருக்கிறாள், ஆவுளியா என்பார்கள். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து அந்தக் கடல் பஸ் தூரம்தான். சேதுபாவாசத்திரம் பக்கம் வலை இழுக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அம்மாவோ, மாமன் மச்சான் யாராவதோ அவளைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.