பள்ளத்தை மூடுவதற்குள் அளக்க வேண்டும்

கேள்வி: மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டும்போது எங்கள் தெருக் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். இரண்டு நாளாக லாரித் தண்ணீர்தான். தரைக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் இருக்கிறதாமே, முன்பே பார்த்திருக்கக் கூடாதா?
- வாசகி, பள்ளிக்கரணை

பதில்: கட்டாயம் பார்த்திருக்க வேண்டும், அம்மா. ஆனால் உங்கள் பகுதிக்கு ரேடார் மட்டும் போதாது. ஈரக் களிமண்ணும் உப்பு நீரும் ரேடார் அலைகளை விழுங்கிவிடும். நல்ல மண்ணிலும்கூட, கருவியைக் குழாய்க்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனால் திரையில் கவிழ்த்த வில்லைப் போல ஒரு கோடுதான் எழும். அதன் உச்சிக்குக் கீழே ஏதோ இருக்கிறது, அவ்வளவே. குடிநீரா, கழிவுநீரா, கைவிட்ட குழாயா என்று அது சொல்லாது. இரும்புக் குழாயையும் மின் கேபிளையும் மின்காந்தக் கருவியால் தடம் பிடிக்கலாம். பிளாஸ்டிக் குழாய் அதற்குச் சிக்காது. கருவிக்குத் தடம் கிடைக்க, பதிக்கும்போதே கூடவே ஒரு உலோகக் கம்பியை ஓடவிட்டிருக்க வேண்டும். அந்தக் கம்பியில் மிச்சம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பழைய வரைபடம் இருக்குமே என்பீர்கள். நில அளவைப் பணியில் அப்படிப்பட்ட தாள்களோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். ‘சாலை மட்டத்திலிருந்து 1 மீட்டர்’ என்றிருக்கும்; அந்தச் சாலையோ தார் மேல் தாராக உயர்ந்திருக்கும். ‘வேப்பமரத்திலிருந்து 3 மீட்டர்’ என்றிருக்கும், மரமே இருக்காது. இதை அப்படியே கணினியில் ஏற்றினால் தவறு அழகாகத் தெரியும், சரியாகிவிடாது. ஒவ்வொரு கோடும் எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். அமெரிக்கத் தரநிலை இதை ‘டி’ முதல் ‘ஏ’ வரை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. பழைய தாளை மட்டும் நம்பினால் ‘டி’. தோண்டி, கண்ணால் பார்த்து அளந்தால்தான் ‘ஏ’.

தென்கொரியாவின் தேகு நகரில் 1995 ஏப்ரல் 28 அன்று கட்டுமானப் பணியில் எரிவாயுக் குழாய் சேதமடைந்து, கசிந்த வாயு சுரங்க ரயில் பணியிடத்தில் வெடித்தது. 101 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அந்த நாடு நிலத்தடி வரைபடத்தைத் தேசியப் பணியாகக் கையில் எடுத்தது. நாமும் அப்படியொரு சாவுக்குக் காத்திருக்க வேண்டுமா?

உங்கள் தெருவில் இப்போது பள்ளம் திறந்தேதான் இருக்கும். செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவியைக் குழாயின் தலையில் வைத்தால், இடத்தையும் கடல்மட்டத்திலிருந்து அதன் உயரத்தையும் சில நிமிடங்களில் பதிந்துவிடலாம். மண் போட்டு மூடிவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. வார்டு உறுப்பினரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். தோண்டப்போகிறவர்கள் குழாய், கேபிள் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதற்கான ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற மத்திய அரசுச் செயலி 2023 மார்ச்சிலேயே வந்துவிட்டது. தோண்டுவதற்கு முன் அதில் பதிந்தார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.